சிறகுள்ள பாறையும் கழுகுக் குன்றமும்

(செம்பரம்பாக்கத்தில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முதல் ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் கம்பெனிச் சட்டையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், தம்பி தங்கைகளே.

முப்பத்தொரு வருஷம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பாடம் நடத்தியவன் நான். அரம் பிடிக்கவும், துளை போடவும், மட்டம் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தேன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. என்னிடம் படித்து இன்று ஒரகடத்தில் வேலை பார்க்கும் மூன்று தம்பிகள் கேட்ட ஒரு கேள்விதான் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கில் மலை மலையாகப் போகிறவர்கள் அவர்கள். பர்வதமலை, செஞ்சி, வெள்ளியங்கிரி எல்லாம் ஏறி முடித்தாயிற்று. ஒருநாள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "சார், செத்தா இதுல ஏறிட்டுத்தான் சாகணும்" என்றார் ஒருவர். சுற்றிலும் வெறும் செம்மண் பாலை. நடுவில் கறுத்த பாறை ஒன்று, தரையைப் பிளந்துகொண்டு வந்ததுபோல நிமிர்ந்து நிற்கிறது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இருக்கும் அந்தப் பாறையை ஷிப்ராக் என்கிறார்கள்.

அதில் ஏற முடியாது தம்பி, ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். "யார் சொன்னது?" என்று உடனே கேட்டார். நல்ல கேள்வி அது. இன்றைய பேச்சு முழுவதும் அதற்கான பதில்தான்.

முதலில் அந்தப் பாறை என்னவென்று பார்த்துவிடுவோம். ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் எரிமலை இருந்தது. அதன் தொண்டைக் குழாயில் மேலே வந்த பாறைக்குழம்பு தரைக்கு அடியிலேயே உறைந்து இறுகிவிட்டது. சுற்றியிருந்ததோ மெத்தென்ற களிப்பாறை. காற்றும் மழையும் அதைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துக் கொண்டுபோக, உள்ளே இருந்த கெட்டியான தொண்டை மட்டும் மிஞ்சியது. வார்ப்பட வேலை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மண் அச்சை உடைத்தால் உள்ளே வார்ப்பு நிற்கும் அல்லவா, அப்படித்தான். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 7,177 அடி. சுற்றியுள்ள சமவெளியிலிருந்து மட்டும் 1,583 அடி. எரிமலையின் வெடிப்புகளில் பாய்ந்து உறைந்த குழம்பு, பாறையின் அடியிலிருந்து நீண்ட சுவர்களாகச் சமவெளியில் சில கிலோமீட்டர் ஓடுகிறது.

அங்கே குடியேறிய வெள்ளையர் கண்ணுக்கு அது பாய் விரித்த கப்பலாகத் தெரிந்தது. அதனால் ஷிப்ராக். ஆனால் அது நவஹோ மக்களின் நிலம். தங்களை அவர்கள் டினே என்று சொல்லிக்கொள்கிறார்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்ற மூன்று மாநிலங்களில் விரிந்து கிடக்கும் அவர்களுடைய தேசம், பரப்பளவில் நம் தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். 1864இல் அமெரிக்க ராணுவம் அவர்களை அந்த மண்ணிலிருந்து கிளப்பி, நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்துக் கொண்டுபோனது. 1868இல் ஒப்பந்தம் போட்டுத்தான் திரும்பி வந்தார்கள். அவர்கள் மொழியில் அந்தப் பாறைக்குப் பெயர் 'ட்சே பிட்டாயி'. சிறகுள்ள பாறை என்று பொருள். நீண்டு கிடக்கும் அந்தச் சுவர்கள்தான் சிறகுகள். எதிரிகளிடமிருந்து தப்ப வழியில்லாமல் நின்ற தங்கள் முன்னோரைச் சுமந்துகொண்டு வந்து இறங்கிய பெரும் பறவை அது என்று ஒரு கதை. அந்த உச்சியில் மக்கள் வாழ்ந்தார்கள், பயிர் செய்யக் கீழே இறங்கி வருவார்கள், ஒருநாள் இடி விழுந்து வழி சிதறியது, மேலே இருந்த பெண்களும் குழந்தைகளும் இறங்க முடியாமல் அங்கேயே மடிந்தார்கள் என்று இன்னொரு கதை. அந்த உயிர்களைக் கலைக்கக்கூடாது என்பதால் அவர்கள் அதில் ஏறுவதில்லை.

1939 அக்டோபரில் கலிஃபோர்னியாவிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். டேவிட் பிரவர், பெஸ்டர் ராபின்சன், ராஃபி பெடாயன், ஜான் டையர். அதற்கு முன் வந்தவர்களெல்லாம் பாதியில் திரும்பியிருந்தார்கள். 1937இல் வந்த ஒருவர் கீழே விழுந்து, பாறையில் அடித்திருந்த ஓர் இரும்பு ஆணி வளைந்து தாங்கியதால்தான் பிழைத்தார். இந்த நால்வர் செய்தது இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நன்றாகப் புரியும். மெஷினைத் தரையில் உட்காரவைக்க நாம் என்ன செய்கிறோம்? கான்கிரீட்டில் துளை போட்டு, ஆங்கர் போல்ட்டை இறக்கி, முறுக்குகிறோம். உள்ளே அது விரிந்து பிடித்துக்கொள்கிறது. அதே வகை விரியும் போல்ட்டைத்தான் அவர்கள் கொண்டுவந்தார்கள். மின்சார டிரில் கிடையாது. தொங்கிக்கொண்டே சுத்தியலால் உளியைத் தட்டித் தட்டித் துளை போட்டார்கள். மொத்தம் நான்கு போல்ட். அமெரிக்க மலையேற்றத்தில் விரியும் போல்ட் அடித்து ஏறியது அதுதான் முதல் தடவை. நான்காம் நாள் உச்சியைத் தொட்டார்கள்.

கைவேலைக்காரன் என்ற முறையில் அந்தத் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் மலையேற்ற வரலாற்றில் அந்த ஏற்றம் எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். எந்த முகத்தில் ஏறினார்கள், எத்தனை போல்ட், எத்தனை நாள் என்று விலாவாரியாக இருக்கிறது. அந்தப் பாறையை உயிருள்ளதாக எண்ணிப் பேசிய மக்கள் அந்தப் பக்கங்களில் ஓரமாகத்தான் வருகிறார்கள். பிறகு முப்பது வருஷம் ஏறுகிறவர்கள் வந்தபடி இருந்தார்கள். 1970இல் ஒரு விபத்து. அதன்பின் நவஹோ அரசு ஏற்றத்தைத் தடை செய்தது. அந்தப் பாறைக்கு மட்டும் போட்ட தடை இல்லை அது. தங்கள் மண்ணிலுள்ள அதுபோன்ற பாறைக் கோபுரங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டார்கள். இன்றுவரை அது நீடிக்கிறது. தம்பி கேட்டாரே, யார் சொன்னது என்று? அந்த மண்ணுக்கு உரியவர்கள் சொன்னார்கள்.

விருந்துக்குப் போகிறோம். திண்ணையில் உட்காரச் சொன்னால் உட்காருகிறோம், கூடத்துக்குக் கூப்பிட்டால் போகிறோம். பூஜை அறைக்குள் யாரும் கூப்பிடாமல் நுழைவதில்லை. கதவு திறந்திருந்தாலும் நுழைவதில்லை. மலைக்குப் போவதும் எனக்கு இதேதான். உலகம் இதைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்டு வருகிறது. 1955 மே மாதம் கஞ்சன்ஜங்காவில் முதலில் ஏறிய ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும், சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்குப்படி, உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டுத் திரும்பினார்கள். இமயம் வரை போய், கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது லேசான காரியமா? ஆஸ்திரேலியாவில் உலுரு என்ற செம்பாறையில் ஏறுவதை, அந்த மண்ணுக்கு உரிய அனங்கு மக்கள் பல பத்தாண்டுகள் வேண்டிக் கேட்டபிறகு, 2019 அக்டோபர் 26 அன்று நிறுத்தினார்கள்.

இதெல்லாம் வெளியூர்க் கதை என்று நினைக்கவேண்டாம். பறவையின் பெயரால் வழங்கும் ஒரு பாறை மலை நமக்கும் இருக்கிறது. இங்கிருந்து ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். திருக்கழுக்குன்றம். அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர், உச்சியில் வேதகிரீசுவரர். நான்கு வேதங்களும் மலையாகி நிற்கின்றன என்பது நம் ஊர்க் கதை. சோழன் முதலாம் ஆதித்தன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இந்த ஊரில் உண்டு. பல்லவன் ஸ்கந்தசிஷ்யன் கோயிலுக்குக் கொடுத்து, வாதாபி கொண்ட நரசிம்மன் காப்பாற்றிய நிலக்கொடையை நானும் தொடர்கிறேன் என்கிறது அது. ஆட்சி மாறியது, குலம் மாறியது, மலைக்குக் கொடுத்த வாக்கை மட்டும் வந்தவன் ஒவ்வொருவனும் ஏற்றுக்கொண்டான்.

எட்டு வயதில் என் பாட்டி என்னை அங்கே கூட்டிப்போனார். ஐநூற்றுக்கும் மேற்பட்ட படிகள். செருப்பைக் கீழேயே விடச்சொல்லிவிட்டார். சித்திரை மாதத்துக் கல் எப்படிச் சுடும் என்று உங்களுக்குத் தெரியும். பத்துப் படிக்கு ஒரு தடவை நான் ஒற்றைக்காலில் நின்றேன். பாட்டி எனக்காக நிற்கவில்லை. ஒவ்வொரு படியிலும் குனிந்து விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனதால், அவர் ஏறியதே மெதுவாகத்தான்.

உச்சிக்குப் பக்கத்தில் ஒரு சரிந்த பாறை. உச்சிவேளை. சனம் மொத்தமும் ஒரு பக்கமாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கோயிலைச் சேர்ந்தவர் ஒருவர் சர்க்கரைப் பொங்கலோடு பாறையில் போய் அமர்ந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வானத்தில் இரண்டு புள்ளி. சுற்றிச் சுற்றி இறங்கின. வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், விரிக்கும்போது கறுப்பாகத் தெரியும் சிறகு ஓரம். தத்தித் தத்தி வந்து, அவர் கைக்கருகே சாப்பிட்டு, அலகைக் கல்லில் தேய்த்துவிட்டுக் கிளம்பின. "காசியில குளிச்சிட்டு இங்க சாப்பிட வருதுங்கடா. சாயரட்சைக்கு ராமேஸ்வரம் போயிடும்" என்றார் பாட்டி. சாபம் பெற்ற முனிவர்கள், யுகத்துக்கு இரண்டு பேராகப் பறவையாகி வந்து பூசிக்கிறார்கள் என்பது அந்தத் தலத்தின் கதை. பட்சி தீர்த்தம் என்று அந்த ஊருக்கு இன்னொரு பெயரே உண்டு.

அந்தப் பறவையைக் கழுகு என்கிறோம். பறவை ஆய்வாளர்கள் மஞ்சள்முகப் பாறு என்பார்கள். பாறு என்பது பிணந்தின்னிப் பறவைகளுக்கு நம் பழந்தமிழ்ச் சொல். தாம்பரம் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோன்மணி இந்தப் பறவைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். செத்த மாட்டைத் தின்னும் பறவைக்கு நெய் ஊற்றிய பொங்கலைப் படைத்து, அதை முனிவர் என்று கும்பிட்ட மக்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது. ஊரின் அழுக்கை அகற்றும் உயிரை இதைவிட உயர்ந்த இடத்தில் யார் வைத்திருக்கிறார்கள்?

1990களின் இறுதியில் அவை வருவது நின்றுபோனது. கலிகாலம் முற்றிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். அதே ஆண்டுகளில் நாடு முழுவதும் பாறுகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. மாட்டுக்கு வலியும் காய்ச்சலும் தீரப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற ஊசி மருந்துதான் காரணம் என்று 2004இல் நிறுவினார்கள். ஊசி போட்ட மாடு சில நாளில் இறந்தால், அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் கெட்டு, உடம்புக்குள் யூரிக் அமிலம் சுண்ணாம்புபோல் படிந்து, பறவை தலை தொங்கிச் சாகும். வெண்முதுகுப் பாறுகள் 1992க்கும் 2007க்கும் இடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தன. நம் மஞ்சள்முகப் பாறும் பத்தாண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். பாறுகளுக்கு அதே தீங்கைச் செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டையும் 2023இல் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இன்று பாறுக் கூட்டங்களைப் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரி அடிவாரத்து மோயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போகவேண்டும்.

ஷிப்ராக்கில் மலை இருக்கிறது, பறவை கதையில் இருக்கிறது. இங்கே உயிரோடு இருந்த பறவையை நாம் கதையாக்கிவிட்டோம்.

திருக்கழுக்குன்றத்தில் இறங்கும் பாதையில் ஒருகல் மண்டபம் இருக்கிறது. ஒரே பாறையைக் குடைந்த பல்லவர் குடைவரை. அதன் சுவரில் 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். இன்று அவற்றையும் தொல்லியல் சான்று என்று பார்க்கிறோம். ஆனால் பல்லவச் சிற்பி எங்கே தன் பெயரை எழுதினான் என்று தேடிப்பாருங்கள். குடைந்தவன் எழுதவில்லை, வந்து போனவன் எழுதினான். செஞ்சியில், பர்வதமலையில் பெயின்ட் டப்பாவோடு ஏறுகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஷிப்ராக் பாறைக்கு அருகே அதே பெயரில் ஒரு ஊர் இருக்கிறது. 1965இல் ஃபேர்சைல்டு என்ற புகழ்பெற்ற மின்னணு நிறுவனம் அங்கே ஒரு ஆலை திறந்தது. வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் நவஹோ பெண்கள். உருப்பெருக்கியில் கண்ணைப் பதித்து, மயிரிழைக் கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தார்கள். ஆயிரம் பேருக்குமேல் வேலை பார்த்தார்கள். ஆலையின் விளம்பர ஏட்டில் அந்தப் பெண்கள் நெய்யும் கம்பளத்தையும் மின்சுற்றையும் சேர்த்துக் காட்டி, நெசவு தெரிந்த கைக்கு இது இயல்பாக வரும் என்பதுபோல் சொன்னார்கள். 1975 தொடக்கத்தில் ஆட்குறைப்பு வந்தது. ஒரு குழுவினர் ஆலைக்குள் புகுந்து ஒரு வாரம் பிடித்து வைத்திருந்தார்கள். நிறுவனம் ஆலையை மூடிவிட்டுப் போய்விட்டது. பத்தே வருஷம். இங்கே 2006இல் தொடங்கி 2014 நவம்பர் முதல் தேதி மூடிய நோக்கியா ஆலையில் வேலை பார்த்த பெண்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

ஆலையைத் திறப்பதும் மூடுவதும் அந்த நவஹோ மக்களின் கையில் இருக்கவில்லை. பாறையைப் பற்றி மட்டும் அவர்கள் சொல் நிற்கிறது. ஒரு சமூகத்துக்குத் தன் மலையைப் பற்றி 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, நம் வட்டாரத்து மலைகளைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

பரங்கிமலையும் பல்லாவரம் குன்றும் 250 கோடி ஆண்டு பழைய பாறை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதியில் பதித்திருக்கும் கல் இங்கிருந்து போனது. அவர் பெயரால்தான் உலகம் இந்தப் பாறையைச் சார்னோக்கைட் என்கிறது. 1863 மே மாதம் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்திய மண்ணில் ஆதிமனிதன் வாழ்ந்ததற்குச் சான்று தேடும் வேலை அங்கிருந்துதான் தொடங்கியது. அப்படிப்பட்ட பாறையை வெடி வைத்து ஜல்லியாக்கினோம். இதோ, மாங்காட்டுக்குப் பக்கத்தில் சிக்கராயபுரம். அங்கே கல் எடுத்து எடுத்துப் பாதாளமாகிப்போன குவாரிக் குழிகளில் மழைநீர் தேங்கியது. 2017 வறட்சியில் அந்தக் குழித் தண்ணீரை இறைத்து, நம் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுவந்துதான் சென்னைக்குக் கொடுத்தார்கள். கல்லை எடுத்த பள்ளத்தில் தேங்கிய நீர் ஒரு நகரத்தின் தாகம் தீர்த்தது. தண்ணீர் கிடைத்ததே என்று ஆறுதல் கொள்ளலாம். எனக்கு அந்தக் கரையில் நின்றபோது, இந்த இடத்துக்குப் பெயர் சொல்லிக் கும்பிட ஒரு பாட்டி இல்லாமல் போனாளே என்றுதான் தோன்றியது.

கோயில் இருக்கும் குன்று தப்பித்திருக்கிறது. நம் செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் குன்றத்தூர் முருகன் மலை, சேக்கிழார் பிறந்த ஊரின் மலை, அப்படியே இருக்கிறது. சாமியோ கதையோ இல்லாத குன்றைக் கேட்க நாதியில்லை. டிப்பர் லாரிக்கு வழி விட்டுவிடுகிறோம். இந்த வேறுபாடு சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. இதைச் சொல்ல நான் பக்தனாக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஃபிட்டராக இருந்தாலே போதும். கையில் எடுத்த பொருளை மறுபடி செய்ய முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் வெட்டு என்று முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறோம். 250 கோடி ஆண்டுப் பாறையை மறுபடி செய்ய முடியாது.

அந்தத் தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். அமெரிக்கா போகிற வாய்ப்பு வந்தால் கட்டாயம் போய்வாருங்கள். சாலையில் தள்ளி நின்று, விடியலில் அந்தப் பாறையின் சிறகுகள் சிவப்பதைப் பாருங்கள். அந்த மக்கள் அனுமதித்த இடம்வரை நடங்கள். அதுவரைக்கும் இங்கே மலைகளுக்குக் குறைவில்லை. மலையைச் சுற்றி வருவதையே ஒரு வழிபாடாக வைத்திருக்கும் மரபில் பிறந்தவர்கள் நாம். திருக்கழுக்குன்றத்திலும் பௌர்ணமிக்கு மக்கள் கிரிவலம் வருகிறார்கள். வாரத்துக்கு ஒரு ஞாயிறு எப்படியும் வரும். செருப்பைக் கீழே விட்டுவிட்டுப் படி ஏறுங்கள். உச்சிவேளையில் அந்தச் சரிந்த பாறைக்கு எதிரே பத்து நிமிஷம் உட்காருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் பாதிப்பேர் வீட்டில் இன்னமும் மாடு இருக்கிறது. மாட்டுக்கு வலிக்கு ஊசி போடவேண்டிவந்தால், தடை செய்த மருந்தைக் கடையில் வாங்கிவந்து நீங்களாகப் போடாதீர்கள். பாறுகளுக்குத் தீங்கில்லாத மெலோக்சிகாம் என்ற மருந்து இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.